இடது வகிடு

நான் தலைமயிரை எப்போதும் பின்னோக்கித்தான் சீவுவேன். வகிடு எடுத்துச் சீவிக்கொண்டு வெளியே போனது வாழ்க்கையில் ஒரேயொரு நாள். அதுவும் என் கையால் சீவியதல்ல. என் முதல் நியூசிலாந்து பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்த நாள் அது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் ஒரு மதுரைக்காரனோடு சேர்ந்து வாடகை வீட்டில் இருந்தேன். அவன் நகரத்தில் கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தான். நான் மங்கரேயில், விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். அதே கிடங்கில் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்தான் ஒருவனை இங்கே நண்பன் என்றே எழுதுகிறேன். அவனுக்குப் பொருத்தமான வேறு சொற்களும் என்னிடம் உண்டு. அவற்றை அச்சில் ஏற்ற முடியாது.

நண்பனும் அவனுடைய அம்மாவும் ஒடாஹுஹுவில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன யூனிட் வீட்டில் இருந்தார்கள். அவரை நாங்கள் எல்லோரும் அன்ரி என்போம். முதல் தடவை நான் போனபோது கதவைத் திறந்தவர், என்னைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அப்பிடியே என்ர சின்னவன்ர சாடை," என்றார். பிறகு அழத் தொடங்கினார்.

சின்னவன் என்பது நண்பனுடைய ஒரே தம்பி. மேற்கு ஐரோப்பாவில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லி ஏஜென்சிக்காரன் ஒருவன் அவனைக் கூட்டிப்போய், நடுவழியில் கைவிட்டுவிட்டான். உக்ரேன் பக்கம் எங்கேயோ நிற்கிறான் என்று நண்பன் சொல்வான். ஆக்லாந்துக்குக் கூப்பிடப் போட்ட விசா விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தது. எப்போதாவது அவனிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வரும். அது வந்த வாரம் அன்ரி சரியாகச் சாப்பிட மாட்டார். நண்பனுக்குத் தகப்பனின் அகன்ற முகம், பருத்த கழுத்து. சின்னவன் தாயைப் போலவாம், ஒடுங்கிய முகம். அதனால் மூத்தவனைவிட நான்தான் அன்ரி பெற்ற பிள்ளை மாதிரி இருக்கிறேன் என்று கிடங்கில் கேலி பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்களுக்கு அங்கேதான். அன்ரி முதல் தட்டை எனக்குத்தான் போடுவார். மீன் தலையும் எனக்குத்தான். "டேய், நாங்கல்லாம் என்ன பாவம்டா பண்ணோம்?" என்று மதுரைக்காரன் புலம்புவான். நான் சட்டை செய்யமாட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த என் அம்மா அப்போது சென்னையில், வளசரவாக்கத்தில், யாரோ ஒருவரின் வீட்டுப் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தார். மீசை ஒழுங்காக அரும்பாத வயதில் அவரைப் பிரிந்தவன் நான். அகதியாக இங்கே வந்து சேர்ந்தவனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்து பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை போய்ப் பார்க்க வழியில்லை. அந்த வருடங்களில் எல்லாம் அன்ரியின் கைச் சாப்பாடுதான் என்னைத் தாங்கியது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்த மனுஷியில் எனக்கு அவ்வளவு பாசம் இருந்தது.

எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்ததும் கிடைக்காததுமாக நண்பன் கேட்டான்.

"மச்சான், ஐரோப்பாவை ஒருக்காச் சுத்திக்கொண்டு வருவமே? முதுகில ஒரு பை. அவ்வளவுதான்."

மதுரைக்காரன் துள்ளினான். "ஆமாடா, கல்யாணம் ஆயிட்டா எவ விடுவா? இப்பவே போயிட்டு வந்துரணும்."

அடுத்த ஞாயிறே அன்ரியின் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தோம். லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், வியன்னா. வியன்னாவில் மற்ற இருவரும் ஆக்லாந்துக்கு விமானம் ஏற, நான் மட்டும் பிரிந்து சென்னைக்குப் போய் அம்மாவோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு வருவதாகத் தீர்மானம். உண்மையைச் சொன்னால் ஐரோப்பா எனக்குச் சாக்குத்தான். கூட்டமாகப் போனால் மலிவு, போகிற வழியில் அம்மாவையும் பார்க்கலாம் என்பதுதான் என் கணக்கு. வரைபடத்தில் இல்லாத அந்த ஊரைத்தான் நான் ஒவ்வொரு ஞாயிறும் மனத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிராக் மட்டும் மதுரைக்காரனுக்குப் பிடிக்கவில்லை. அவன் ரோம் போகவேண்டும் என்றான். நண்பன் விடவில்லை.

"பிராக்கில பியர் தண்ணியை விட மலிவாம் மச்சான். ரோமில தண்ணி குடிக்கவே காசு வேணும்."

நண்பன் பியரைத் தொட்டதே இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

படம் எடுக்கப் போன நாளுக்கு வருகிறேன். சனிக்கிழமை. ஒடாஹுஹுவில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. முதலில் வீட்டுக்கு வா, ஒன்றாகப் போவோம் என்று நண்பன் சொல்லியிருந்தான். போனேன். அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ராசா இது, பரதேசி மாதிரி? இந்தப் படம் பத்து வருசத்துக்கு நிக்கிற படமெல்லே?"

கதிரையில் இருத்தி, உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி என் தலையில் தேய்த்தார். சீப்பை எடுத்து இடது பக்கம் வகிடு பிரித்து, முன்மயிரை நெற்றியில் படிய இழுத்துவிட்டார். பிறகு என் தாடையைப் பிடித்து முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். மீசையையும் எடுத்துவிட்டால் நல்லது என்றார். நண்பன் ரேசரைக் கொண்டுவந்து தந்தான். ஒரு தாய் தலைவாரிவிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. என் கண் கலங்கியதை எண்ணெய்மேல் பழி போட்டுச் சமாளித்தேன்.

புறப்படும் நாளில் பைகளைக் கட்டியவரும் அன்ரிதான். மிளகாய்த்தூள், ரின்னில் அடைத்த மீன், பருத்தித்துறை வடை. மதுரைக்காரன் தன் பைக்குள் ஒரு குட்டி ரைஸ் குக்கரைத் திணித்துக்கொண்டான். கடைசியில் அன்ரி பயத்தம் பணியாரம் நிறைந்த பிஸ்கட் டின் ஒன்றை என் கையில் தந்தார்.

"பிராக்கில எங்கட ஊர்ப் பொடியன் ஒருத்தன் நிக்கிறான், பாவம். அவனுக்கு. இவன்ர பையில நொருங்கிப்போகும். நீ பக்குவமாக் கொண்டு போ."

நானும் குழந்தைப்பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனேன்.

லண்டனில் நண்பனின் சொந்தக்காரர் வீட்டு முன்னறையில் நிலத்தில் படுத்தோம். பாரிஸில் கோபுரத்தின் மேலே ஏறக் காசு கேட்டார்கள், கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அன்று மிச்சம் பிடித்ததில் லாஷப்பல் தமிழ்க் கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டோம். இப்படியாக உலக அதிசயங்களை எல்லாம் வாசலோடு பார்த்தோம். அருங்காட்சியகங்களின் வெளிச்சுவர்களைப் பற்றி என்னை யார் கேட்டாலும் விளக்கமாகச் சொல்வேன்.

ஆம்ஸ்டர்டாம் ஹாஸ்டலில் மதுரைக்காரன் கட்டிலுக்குக் கீழே ரைஸ் குக்கரைப் போட, அந்த மாடி முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. முடி நனைந்த வெள்ளைக்காரப் பெண்கள் துவாயோடு நடையில் நின்று கத்தினார்கள். நண்பன் முகத்தைப் பாவம்போல வைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து காரணம் தேடினான். வெந்தும் வேகாததுமான சோற்றை ரின் மீனோடு குழைத்துத் தின்றுகொண்டு நாங்கள் மூவரும் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஹாஸ்டல்களில் எங்களுக்கு ஒரு நடைமுறை இருந்தது. பாஸ்போர்ட், டிக்கெட், ரயில் பாஸ், பயணக் காசோலை எல்லாவற்றையும் ஆளுக்கொரு துணிப்பையில் போட்டு சட்டைக்குள்ளே இடுப்பில் கட்டியிருப்போம். ஒருவன் குளிக்கப் போனால் பையை மற்றவனிடம் கொடுத்துவிட்டுப் போவான். குளித்துவிட்டு வந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்வான். திறந்து பார்ப்பதில்லை. கூடவே உண்டு உறங்குகிறவன் தந்ததைத் திறந்து பார்த்தால், அவனைக் கள்ளன் என்று சொன்ன மாதிரி அல்லவா? நம்ப நட, நம்பி நடவாதே என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது இந்த மாதிரி முட்டாள்களுக்காகத்தான்.

பிராக்கில் போய் இறங்கிய மறுநாள் நண்பன் பணியார டின்னைக் கேட்டு வாங்கினான். "ஊர்ப் பொடியனைப் பாத்திட்டு வாறன். அவன் விசா இல்லாமல் ஒளிச்சு நிக்கிறான், ஆக்களைக் கண்டால் பயப்பிடுவான். நான் தனியப் போறன்." போனவன் பின்னேரம்தான் வந்தான். கண் சிவந்திருந்தது. ஊர்ப் பொடியனின் நிலைமையைப் பார்த்து இளகிவிட்டான் என்று நினைத்து நான் அவன் தோளில் தட்டிக்கொடுத்தேன். அடுத்த நாள் காலை நான் குளிக்கப் போனபோது என் பை அவனிடம்தான் இருந்தது. மத்தியானம் அவன் மறுபடியும் எங்கேயோ போய் வந்தான். நாங்கள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வியன்னாவுக்கு ரயில் ஏறினோம். சனிக்கிழமை எனக்குச் சென்னை விமானம். எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ் ஏறி பாஸ்போர்ட் கேட்டார்கள். நான் பையைத் திறந்தேன். டிக்கெட் இருந்தது. ரயில் பாஸ் இருந்தது. காசோலைகள் இருந்தன. பாஸ்போர்ட் இல்லை. இந்திய விசாவும் அதிலேதான் ஒட்டியிருந்தது.

என்னை இறக்கிவிட்டார்கள். மற்ற இருவரும் கூடவே இறங்கினார்கள். பெயர் வாசிக்கத் தெரியாத அந்தச் சின்ன ஸ்டேஷனில் என் பையிலிருந்த அத்தனையையும் சீமெந்துத் தரையில் கொட்டித் தேடினேன். பிறகு மதுரைக்காரன் பக்கம் திரும்பினேன். அவனும் ஒருநாள் என் பையை வைத்திருந்தான், எதையும் எங்கேயும் மறந்துவிடுகிறவன், லண்டனில் தன் கண்ணாடியையே தொலைத்தவன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

"டேய், நான் ஏன்டா எடுக்கப் போறேன்? உங்கம்மாவைப் பாக்கப் போறன்னு எனக்குத் தெரியாதா?" என்றான். அவன் குரல் உடைந்துவிட்டது.

நண்பன் அருகில்தான் நின்றான். என் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

மதுரைக்காரன் அடுத்த ரயிலில் வியன்னாவுக்குத் தனியாகப் போய்விட்டான். நண்பன் என்னோடு பிராக்குக்குத் திரும்பி வந்தான். அன்றே போலீசில் சொல்வோம் என்றேன். "பொறு மச்சான், முதல்ல ஹாஸ்டலில வடிவாத் தேடுவம். களவு எண்டு எழுதிப்போட்டு பிறகு எடுத்தமெண்டால் கரைச்சல். எப்பிடியும் தூதரகம் திங்கள்தான் திறக்கும்," என்றான். அது நியாயமாகத்தான் பட்டது. நியூசிலாந்துக்கு அங்கே தூதரகம் இல்லை, பிரிட்டிஷ்காரர்தான் பார்க்கவேண்டும், அவர்களும் சனி ஞாயிறு பூட்டு. அந்த இரண்டு நாளும் அவன் எனக்குத் தேநீர் வாங்கிவந்தான், சாப்பிடு சாப்பிடு என்று கெஞ்சினான், என் பாஸ்போர்ட்டை எடுத்தவன் நாசமாய்ப் போவான் என்று சாபம்கூடப் போட்டான். கூட இருந்தே குழி பறிக்கிறவனுக்குக் கை மட்டுமல்ல, நாக்கும் கூசாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

சென்னைக்குத் தொலைபேசி எடுத்தபடியே இருந்தேன். அம்மாவிடம் தொலைபேசி இல்லை. முன்பக்கத்தில் இருந்த வீட்டுக்காரரின் தொலைபேசிதான். அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். இதெல்லாம் ஒன்றரை வருடம் கழித்து நான் ஒருவழியாக அங்கே போனபோது அம்மா சொன்னது. "ரெலிபோன் விடாமல் அடிச்சுக்கொண்டிருந்தது. ஆரோ பாவம் அந்தரப்படுகினம் எண்டு நினைச்சன். நீயெண்டு தெரியாது." சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா இடியப்பத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். புதுச் சேலை கட்டி, சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஆட்டோ பிடித்து மீனம்பாக்கம் போய், கம்பிக்கு வெளியே நின்று, வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்திருக்கிறார். வளர்ந்த என்னைத் தனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டதோ, நான் கடந்து போய்விட்டேனோ என்று பயந்து, அங்கே நின்ற காவலரிடம் என் பழைய படத்தைக் காட்டிக் கேட்டாராம். கடைசி ஆளும் வெளியே போன பிறகுதான் திரும்பினாராம்.

திங்கட்கிழமை பிரிட்டிஷ்காரர்கள் ஆக்லாந்தோடு தொடர்புகொண்டு, சில நாளில் ஒரு தற்காலிகப் பயண ஆவணம் தந்தார்கள். நியூசிலாந்துக்குத் திரும்ப மட்டும்தான் அது செல்லும். சென்னை என்ற பேச்சுக்கே இடமில்லை. நண்பன் தன் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு என்னோடு ஒரே விமானத்தில் வந்தான். வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவன் போர்வையை இழுத்து என்மேல் போர்த்திவிட்டான்.

மங்கரேயில் விமானம் இறங்கியபோது நல்ல வெயில், குளிர்கால வெயில். நண்பனின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி அவனை அனுப்பிவிட்டார்கள். என் ஆவணத்தை வாங்கிய பெண் அதிகாரி கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்கள் ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்டீர்களே," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, நான் பிராக்கில் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று வளசரவாக்கத்துக்கு எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்த அதே நாளில், நான் ஆக்லாந்து விமான நிலையத்தில் வந்து இறங்கியிருக்கிறேன். என் பெயரில், என் பாஸ்போர்ட்டில். அப்போது அது காணாமல் போனதாக யாரும் அறிவித்திருக்கவில்லை. ஊர் திரும்புகிற பிரஜையை யார் நிறுத்தி விசாரிக்கப் போகிறார்கள்?

"உங்களைப் போலத் தோற்றமுள்ள யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? சகோதரர் யாராவது?"

அந்தக் கேள்வியோடு எல்லாம் வந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்ரி. பியர் குடிக்காதவனின் பிராக். ஊர்ப் பொடியன். ரேசர். நெற்றியில் படிந்த முன்மயிர். ஒரு பெயரைச் சொன்னால் போதும், ஒடாஹுஹுவுக்கு ஒரு கார் போகும். சின்னவனைத் திருப்பி அனுப்புவார்கள். எந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஊரிலிருந்துதான் நானும் ஓடிவந்தேன்.

"தெரியாது," என்றேன்.

அவர் நம்பவில்லை. நான் விற்றுவிட்டேன் என்றோ, இரவல் கொடுத்தேன் என்றோதான் நினைத்தார், அது முகத்திலேயே தெரிந்தது. பிறகு என்னைப் பலமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள். புதிய பாஸ்போர்ட்டுக்கு ஒன்றரை வருடம் இழுத்தது அதனால்தான்.

நண்பன் வெளியே தள்ளுவண்டியோடு காத்திருந்தான். கார் நிறுத்துமிடம் வரை அவனோடு நடந்தேன். அங்கே போனதும் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். தடுக்கவில்லை.

"அடி. நல்லா அடி. ஆனா அவன் வீட்டில இருக்கிறான் மச்சான்."

"என்னட்ட ஏன்ரா கேக்கேல்லை?"

"கேட்டு நீ தந்திருந்தா நீயும் குற்றவாளி. கேக்காமல் எடுத்தபடியால் நீ சுத்தம். உன்னைக் காப்பாத்தத்தான் கேக்கேல்லை."

இதைக் கேட்டு மறுபடி அடித்தேன். வண்டி தள்ளிக்கொண்டு போன ஒரு குடும்பம் நின்று பார்த்தது. அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, கெஞ்சும் குரலில் சொன்னான், "அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது. நீ விரும்பித் தந்ததெண்டுதான் ரெண்டு பேருக்கும் சொன்னனான். களவெண்டு தெரிஞ்சிருந்தா அவன் தொட்டிருக்கமாட்டான். அவையளிட்ட மட்டும் சொல்லிப்போடாத."

லின்ஃபீல்டுக்கு பஸ்ஸில் போனேன். மதுரைக்காரன் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தான். நடந்ததைச் சொல்லி அவன் கையைப் பிடித்தேன். "சாப்ட்டியா?" என்று கேட்டான். அவ்வளவுதான். ரைஸ் குக்கரில் மிச்சச் சோறு இருந்தது.

நான் கிடங்கில் ஷிஃப்டை மாற்றிக்கொண்டேன். ஆனால் அன்ரி விடவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டபடியே இருந்தார். "ஏன் ராசா வாறாயில்லை? என்ன பிழை விட்டம்?" அந்தக் குரலுக்கு நான் எப்போதும் இளகுகிறவன். அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நம்பினேன். மகன் செய்த வினைக்குத் தாய் என்ன செய்வாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

என் வழக்கமான நாற்காலியில் ஒருவன் இருந்தான். என்னைக் கண்டதும் துள்ளி எழுந்தான். ஒடுங்கிய முகம், மழித்த மேலுதடு, இடது பக்க வகிடு, நெற்றியில் படிந்த முன்மயிர். என் பாஸ்போர்ட் படம் எழுந்து நின்ற மாதிரி இருந்தது.

அன்ரி முதல் தட்டை அவனுக்குப் போட்டார். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, பெற்ற பிள்ளை. எனக்கும் போட்டுவிட்டு, கரண்டியோடு நின்றபடி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இப்ப பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாக்கேக்க, அவ்வளவு சாடை இல்லை என்ன?" என்று சிரித்தார்.

இத்தனை வருடம் எனக்குப் போட்ட சோறு எந்த முகத்துக்குப் போட்டது என்று அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் சோற்றைப் பிசைந்தேன். சின்னவன் சாப்பிடத் தொடங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கண் நிறைந்திருந்தது.

"அண்ணா, உங்கட அம்மாவைப் பாக்கப் போறதையும் விட்டுப்போட்டு எனக்குத் தந்தனீங்கள் எண்டு அண்ணன் சொன்னவர். கூடப் பிறந்தவனும் செய்யமாட்டான். உங்கட அம்மாவிட்ட நான் ஒருநாள் போய்க் கால்ல விழவேணும்."

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. என் பாஸ்போர்ட்டைத் திருடியது போதாதென்று என் அம்மாவையும் கதைக்கு எடுத்துப் பாவித்திருக்கிறான். கம்பிக்கு வெளியே அம்மா நின்ற கதை எனக்கு அப்போது தெரியாது. அதுவரை தெரிந்ததே போதுமாக இருந்தது.

"நான் தரேல்லைத் தம்பி," என்றேன். "என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. நான் குளிக்கப் போன நேரம் உன்ர அண்ணன் களவெடுத்தவன். என்ர அம்மா என்னைப் பாக்கக் காத்திருந்தவ. நான் போகேல்லை."

சின்னவன் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான். தமையனைப் பார்த்தான். நான் அன்ரிக்காகத்தான் வருந்தினேன், இந்த மனுஷி இதை எப்படித் தாங்கப்போகிறாரோ என்று. அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அன்ரி என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

"அவனைப் பேசாத ராசா," என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "நான்தான் சொன்னனான், உன்னட்டக் கேக்க வேண்டாமெண்டு. கேட்டா, உனக்கும் ஒரு தாய் இருக்கிறா எண்டு உனக்கு ஞாபகம் வந்திடும்."

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யாதே என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். உணவு போட்ட வீடு ரெண்டகம் செய்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. என் தலையில் எண்ணெய் தேய்த்த கை, தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்த கை, கரண்டியோடு என் முன்னால் நின்றது. அன்று அவர் பார்த்தது எதை என்று இப்போது தெரிந்தது. அன்று கண் கலங்கினேனே, அந்தக் கண்ணீருக்காக எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

சோற்றில் வைத்த கையோடு எழுந்தேன். கழுவவில்லை. யாரும் தடுக்கவுமில்லை. வாசலில் குனிந்து ஒற்றைக் கையால் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே அன்ரி சின்னவனைக் கெஞ்சுவது கேட்டது.

"ஒரு வாய் சாப்பிடு ராசா. அம்மாவுக்காக."